எழுத்தில் கொடுக்கவும்

ஜூன் 3, திங்கள்

மாடிக்கு இன்று ஒரு கடிதம் போட்டேன். பொருள்: கேட் திறந்து கிடப்பது குறித்து. பார்வை: எனது முந்தைய கடிதம். காலையில் யாரோ கேட்டைத் தாழ் போடாமல் விட்டதில் தெருமாடு ஒன்று உள்ளே வந்து, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கீரைப் பாத்தியை வேர் வரைக்கும் மேய்ந்துவிட்டது. நான் வெளியே போயிருந்த நேரம். கீழே இருப்பது நானும் செண்பகமும் மட்டும்தான். என் மனைவி கேட் பக்கமே போவதில்லை. ஆகவே மாடிக்காரர்கள்தான்.

வீட்டுச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் எதையும் வாய்ப்பேச்சில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை. சர்வீஸ் முழுக்கத் தாலுகா ஆபீஸில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். முன்பு மாடியில் இருந்த ஆள், "நீங்க எப்பச் சொன்னீங்க?" என்று நடுத்தெருவில் நின்று என்னைக் கேட்டுவிட்டுப் போனான். அன்றைக்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியை மாட்டினேன். நான் சொல்ல வேண்டியதும் அதில் விழும், அவர்கள் சொல்ல வேண்டியதும் அதில் விழும். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நகல் உண்டு.

ஹெப்சிபாவும் அவள் கணவர் செல்வினும் மாடிக்குக் குடிவந்த அன்றே இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிட்டேன். செல்வின் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஹெப்சிபா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். பகல் முழுக்க மாடியில் இருப்பவள், ஒரு கேட்டைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

கடிதத்தைச் செண்பகத்திடம் வாசித்துக் காட்டினேன். "அந்த மாட்டுக்கும் ஒரு நகல் அனுப்பிருங்க" என்றாள். கிண்டல்காரி. கல்யாணமான நாளிலிருந்து என் கடிதங்களுக்கு அவள்தான் முதல் எதிரி. சாயங்காலம் வெறும் பாத்தியைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் ஒன்றுமே விதைக்கவில்லை என்று கேட்டாள். அதுவும் கிண்டல்தான்.

ஜூன் 7, வெள்ளி

ஓய்வூதியர் சங்கத்தில் இரண்டு பேருக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு மதியம் திரும்பினால், மேல்தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரோடு வழிந்து தெரு வரை ஓடியிருக்கிறது. மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் பொதுவில் இருக்கிறது. போட்டவர்கள் அணைக்க வேண்டாமா? ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக இப்படியா கொட்டுவது?

செண்பகம் முன்னறையில் நாற்காலியைப் போட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மழை என்றாள். வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். நான் சிரித்துவைத்தேன்.

மாடிக்கு அடுத்த கடிதம். பொருள்: மின்மோட்டார்.

ஜூன் 8, சனி

பெட்டியில் ஹெப்சிபாவின் பதில் கிடந்தது. "மன்னிக்கணும் சார். இனிமே நாங்க பாத்துக்கிடுதோம்." ஒரு தாளில் பாதியைக் கிழித்து எழுதியிருக்கிறாள். தேதி இல்லை, பொருள் இல்லை, பார்வை இல்லை. கோப்பில் வைக்க லாயக்கில்லாத கடிதம். "முறைப்படி எழுதித் தரவும்" என்று குறிப்பெழுதித் திருப்பிப் போட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதே போதும் என்றுதான் மனத்துக்குள் நினைத்தேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் ஹெப்சிபா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் இரண்டு, என் துண்டு ஒன்று. டம்ளரில் செண்பகத்தின் பெயர் வெட்டியிருக்கிறது. அவள் அப்பா சீராகக் கொடுத்த செட். இது எப்படி மேலே வந்தது என்று கேட்டேன்.

அவள் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சார் எடுத்துட்டுப் போயிட்டேன், தெரியாம" என்றாள் ஹெப்சிபா. தெரியாமல் எடுக்கிறதென்றால் என்ன அர்த்தம்? அடுத்த வீட்டு அடுக்களையில் நுழைந்து தெரியாமல் டம்ளர் எடுப்பார்களா?

கடிதம் எழுதினேன். "உரிமையாளரின் பாத்திரங்கள்" என்று பொருள் போட்டேன். திருட்டு என்ற சொல்லை எழுதி, அடித்து, வேறு தாளில் சுத்தமாகப் படியெடுத்தேன். அந்த அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை உண்டு.

ஜூன் 19, புதன்

சங்கத்தில் கூட்டம் இல்லாததால் சீக்கிரம் வந்தேன். முன்கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. மாடியிலிருந்து செண்பகத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. இந்த வீட்டில் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. கீழ்ப்படியில் சற்று நேரம் நின்றேன்.

பிறகு கூப்பிட்டேன். இறங்கி வந்தாள். முந்தானையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பிளவுஸ்களில் ஓட்டுத்தையல் நூலைப் பிரித்துக் கொடுக்கிறாளாம். தாலுகா ஆபீஸ் சூப்பிரண்டின் மனைவி கூலி வாங்காமல் மாடி வீட்டில் நூல் பிரிக்கிறாள். என் மனைவியை வேலை வாங்கக் கூடாது என்று உடனே எழுதிப் போட்டேன். பொறாமை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. என்னிடம் அவள் அப்படிச் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "சிவகாமி ஸ்கூல்ல இருந்து வந்தாச்சா?" என்றாள். சிவகாமி எங்கள் மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவளுடைய பையனே காலேஜில் படிக்கிறான். வந்தாச்சு என்று சொல்லிவிட்டேன். மறுத்துப் பேசினால் முகம் சுண்டிவிடுகிறது. காபியில் சர்க்கரை இல்லை. எனக்கும் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய வயதுதான்.

ஜூன் 24, திங்கள்

ஹெப்சிபா கீழே வந்தாள். கொஞ்சம் பேசணும் என்றாள். எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒங்க மக எப்ப சார் ஊருக்கு வாராவ என்று கேட்டாள். அவளுக்கும் என் மகளுக்கும் என்ன சம்பந்தம்? அதையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். திரும்பிப் போய்விட்டாள்.

பெட்டியில் ஒன்றும் விழவில்லை.

ஜூலை 1, திங்கள்

சமையலறையில் சில அறிவிப்புகள் ஒட்டியிருக்கிறேன். பொதுவான ஒழுங்குக்காகத்தான். அடுப்புக்கு மேலே, "கேஸைத் திருகி மூடவும்." அஞ்சறைப் பெட்டிக்கு அருகே, "உப்பு போட்டாயிற்றா எனப் பார்க்கவும்." முன்கதவின் உட்புறம், "தனியாக வெளியே போக வேண்டாம்." கண்ணுக்குத் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதினேன்.

செண்பகம் ஒவ்வொன்றையும் நின்று படித்தாள். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டாள். பொதுவாக என்றேன். "மாடிப் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. அதுகள இப்படி அரட்டாதீங்க" என்றாள்.

சிவகாமி போனில் பேசினாள். அம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாளே என்றாள். போனில் சரியாகக் கேட்பதில்லை என்று சொன்னேன். பி.எஸ்.என்.எல். இணைப்பு முன்போல் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

என் வீட்டு வாசலில் நான் நிற்க நேர்ந்தது. கேட்டில் என்னுடையதல்லாத ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. வெளிப்பக்கம் பூட்டு, உட்பக்கம் செண்பகம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர், பால்காரர், ஸ்கூட்டரில் போன ஒருவர் என்று ஆளாளுக்கு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஹெப்சி இப்போது வந்துவிடுவாள், அதுவரை நில்லுங்கள் என்று செண்பகம் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

ஹெப்சிபா நூல்கண்டுப் பையோடு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. பூட்டைத் திறந்ததும் முதலில் செண்பகத்தின் கையைப் பிடித்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். யாரைக் கேட்டு என் கேட்டைப் பூட்டினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் செண்பகம் இருக்கிற திசையைப் பார்த்தாள்.

குடியிருப்பவர் சொந்தக்காரரைப் பூட்டி வைக்கிற காலம் வந்துவிட்டது. இதற்கு மேல் பொறுக்க முடியாது.

ஜூலை 6, சனி

காலி செய்யும்படி நோட்டீஸ் எழுதினேன். நல்ல நோட்டீஸ். வக்கீலிடம் போயிருந்தால்கூட இப்படி வந்திருக்காது. கேட், மோட்டார், பாத்திரங்கள், மனைவியை வேலை வாங்கியது, பூட்டு என்று வரிசையாகக் குறிப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பார்வைக் கடிதத்தையும் காட்டியிருக்கிறேன். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆவணி முகூர்த்தம் வரை அவகாசம் கொடுத்திருக்கிறேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசிப் பத்தி இது: "அதுவரை தாங்கள் கீழ்த்தளத்துக்குள் வருவதோ, கேட்டைப் பூட்டுவதோ, என் மனைவியை மாடிக்கு அழைப்பதோ கூடாது. மீறினால் மேல்நடவடிக்கை எடுக்க நேரிடும் எனத் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, சு. பிரம்மநாயகம், வீட்டு உரிமையாளர்."

ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். போஸ்ட் ஆபீஸில் இருந்த பெண் பெறுநர் முகவரியையும் அனுப்புநர் முகவரியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றேதான், மாடி என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. சற்று நேரத்தில் ஹெப்சிபா கையில் கவரோடு வந்து முன்கதவுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரக் கூடாது என்பதைப் படித்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு விஷயம் சொல்லிருதேன் சார்" என்றாள்.

"எழுத்துல குடுங்க."

"இத எழுத்துல குடுக்க முடியாது சார்."

எழுத்தில் கொடுக்க முடியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்றேன். நிலத்தகராறு, ஜாதிச் சான்று, ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பது வரை எழுத்தில் வாங்கித்தான் என் சர்வீஸ் போயிற்று. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இது வேறு மாதிரிப் பார்வை, எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

மாடியிலிருந்து தையல் மெஷின் சத்தம் மட்டும் வருகிறது. உத்தரவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது. செண்பகம் காலையிலும் மாலையிலும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஏறுவதில்லை, உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூலை 18, வியாழன்

இரவு வெகுநேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியம் வந்தபோது கேட் விரியத் திறந்திருந்தது, முன்கதவும் திறந்திருந்தது. வீடு முழுக்க கேஸ் வாடை. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் திருகு திறந்தபடியே இருந்தது. திருகி மூடினேன். அதற்கு மேலே நான் ஒட்டிய அறிவிப்பு ஒட்டியபடியே இருந்தது. செண்பகத்தைக் காணவில்லை. கட்டிலறை, குளியலறை, பின்பக்கம் எங்கேயும் இல்லை. கதவின் உட்புறம் "தனியாக வெளியே போக வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

மாடிப்படியின் கீழே நின்று கத்தினேன். ஹெப்சிபா மேல்படிக்கு வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றாள். "காலைல இருந்து படியிலதான் சார் இருந்தாவ. மெஷின்ல இருந்து எட்டி எட்டிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கீழ வரக் கூடாதுன்னு நீங்க…" என்றாள். முடிக்கவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி என்னைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள்.

நான் சிவன் கோயில் பக்கம் போனேன், மார்க்கெட்டுக்குப் போனேன், பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என்ன கலர் சேலை என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. காலையில் அவள் எதிரில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டேன். சேலை நிறம் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அங்கேதான் ஹெப்சிபா வந்து என்னைக் கண்டுபிடித்தாள். அம்மா கிடைச்சுட்டாவ, வாங்க சார் என்றாள்.

கண்டுபிடித்தது செல்வின். சிவகாமி சின்ன வயதில் படித்த பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றிருக்கிறாள். மகளைக் கூப்பிட வந்திருப்பதாக வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வழியாக வேனை ஓட்டி வந்த செல்வின் பார்த்து, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேனிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்து, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு எங்கே போய்ச் சுற்றுகிறீர்கள் என்று திட்டினாள். கத்தரிப்பூ நிறச் சேலை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்திருந்தது.

ஹெப்சிபா அவளைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவள் கீழே வந்ததை நானும் தடுக்கவில்லை. தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கேட்டத் தொறக்கதும் அம்மாதான் சார், மோட்டாரப் போடுததும் அம்மாதான். டம்ளரு, துண்டுன்னு எதையாவது கொண்டாந்து எங்க அலமாரில அடுக்கிட்டுப் போவாவ. அன்னைக்கு நூல் வாங்கக் கடைக்குப் போகணும், ஒத்தைல விட்டுட்டுப் போகப் பயமா இருந்துச்சு. அதான் பூட்டுனேன்."

இதை எழுதித் தந்திருக்கலாமே என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

"எழுதுனா ஒங்க ஃபைல்ல இருக்கும். ஒருநா அம்மாவே எடுத்துப் படிப்பாவ சார். தன்னப் பத்தி இப்படி எழுதியிருக்குன்னு தெரிஞ்சா தாங்குவாவளா?"

செண்பகம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஜூலை 19, வெள்ளி

சங்கத்துக்குப் போகவில்லை. இனி போவதாகவும் இல்லை.

ஜூலை 22, திங்கள்

டாக்டரிடம் கூட்டிப்போனேன். செண்பகம் அவரிடம் நன்றாகப் பேசினாள். அவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் திருப்பி விசாரித்தாள். இன்று என்ன கிழமை என்று அவர் கேட்டதற்கு, "டாக்டருக்கே தெரியலியா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். பேனாவை எடுத்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் மனு எழுதித் தந்தவன், தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். போன வருஷம் தீபாவளிக்கு முன்னாலேயே என்று வாயால்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அடுப்புக்கு மேலே அறிவிப்பு ஒட்டியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் சொன்னதன் சாரம்: இது மறதி மாதிரித் தெரிந்தாலும் வெறும் மறதி இல்லை. மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், திருப்பிக் கொண்டுவராது. பழகிய முகங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இடத்தையும் ஆட்களையும் மாற்றாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

இரவு சிவகாமிக்குப் போன் செய்து சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். லீவு சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஜூலை 25, வியாழன்

ஹெப்சிபா காலையில் தானாகவே கீழே வருகிறாள். செண்பகத்தைக் குளிக்கவைத்து, தலைவாரி, மேலே கூட்டிப்போய் நூல் பிரிக்க உட்காரவைக்கிறாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கூடத்தில் இருக்கிறேன். நோட்டீஸைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் திரும்ப வந்துவிட்டது.

நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும். அதற்கு வரைவு எழுத உட்கார்ந்தேன். இதற்கு முன்மாதிரி எதுவும் என் கோப்புகளில் இல்லை. கொடுத்த உத்தரவைத் திரும்பப் பெறும்போது காரணம் காட்ட வேண்டும். "நிர்வாகக் காரணங்களால்" என்று எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். ஆடி முழுக்க இருக்கிறது. நிதானமாக எழுதலாம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

"வருந்துகிறேன்" என்று போடுவதா, "மன்னிப்புக் கோருகிறேன்" என்று போடுவதா என்று இரண்டு நாளாகத் தீரவில்லை. வாழ்க்கையில் இரண்டையும் யாருக்கும் எழுதியதில்லை. முதல் வார்த்தை கொஞ்சம் கஞ்சத்தனமாகப் படுகிறது. இரண்டாவதை எழுதிப் பார்த்தேன், கையெழுத்துப் போட முடியவில்லை.

நேற்றும் இன்றும் செல்வின் வேனில் சில அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். பழைய சாமான் கழிக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். வாயால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மாடி ஏறினேன். அவர்கள் குடிவந்த பிறகு நான் அந்தப் படியில் ஏறியது இதுதான் முதல் தடவை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்கள். வீட்டில் பாதி காலியாக இருந்தது. மெஷின் கயிறு கட்டித் தயாராக நின்றது.

நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். செய்தது தப்பு என்றேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்றேன். எழுதிவைத்து மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை, இதுதான் வந்தது.

ஹெப்சிபா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வின்தான் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"பேட்டைல வீடு பாத்து, ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சியாச்சு சார். பால் காய்ச்சுன வீட்ட விட்டுட்டு எப்படி சார் திரும்ப?"

ஆடியில் எப்படிப் பால் காய்ச்சினீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. ஆடி எனக்குத்தான் ஆடி. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு தடையா? என் காலண்டரைக் கொண்டு அவர்களுக்கு அவகாசம் கணக்குப் போட்டிருக்கிறேன். எழுத்தைத் தேடிக்கொண்டு நான் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவர்கள் மேலே மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

"நீங்க ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருந்தா இருந்திருப்போம் சார்" என்றாள் ஹெப்சிபா. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று போய்விட்டார்கள். கட்டில், பீரோ, மெஷின், கடைசியாக ஒரு ரோஜாச் செடி, எல்லாம் எங்கள் முன்னறை ஜன்னலைத் தாண்டித்தான் இறங்கின. செண்பகம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழாதே பிள்ளை, எல்லாம் சரியாகிவிடும் என்று செண்பகம்தான் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பதாக ஹெப்சிபா சொன்னாள். பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வருவாள் என்றுதான் நினைக்கிறேன், எனக்காக இல்லாவிட்டாலும்.

சிவகாமி நாளை மறுநாள் வருகிறாள். ஒரு வாரம் இருப்பாள். அதற்குப் பிறகு நான்தான்.

மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே வந்தேன். செண்பகம் பட்டுச்சேலை உடுத்தி, ஒரு துணிப்பையில் எதையெதையோ திணித்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறையில் இருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்னைப் பார்த்து அவள் அப்படி எழுந்து நின்றதே கிடையாது.

"வாங்க சார்" என்றாள். "காலி பண்ணச் சொல்லி ஆளு வந்து சாமானெல்லாம் எறக்கிட்டாவ. நான் ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுக்காரவ ஆபீஸுக்குப் போயிருக்காவ. அவுக வந்ததும் போயிருதோம். அதுவரைக்கும் இருக்கலாமா சார்?"

கண்ணில் பயம். என்னைப் பார்த்துப் பயம். உன் புருஷன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டாள் என்பது ஒன்று. நம்பினால் வெட்கப்பட்டுச் செத்துப்போவாள் என்பது இன்னொன்று.

"உக்காருங்கம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் நீங்கள் என்று சொன்னதில்லை. "யாரும் ஒங்களக் காலி பண்ணச் சொல்லல. இது ஒங்க வீடு."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவுக வர நேரமாகும். ஒத்தைல இருக்கப் பயமா இருக்கு. அவுக வருத வரைக்கும் இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறேன் என்றேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.